பிறர் பொருளும் நம் பொறுப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில், வாலிபர் அரங்கிலே நிகழ்த்திய பேச்சு)

சமயப் பெரியார்கள் அமர்ந்து பேசிய இம்மேடையிலே, பணத்தைப் பற்றிப் பேச ஒரு மாணவன் வந்து நிற்கிறானே என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆனால் பணத்தைப் பற்றி நாம் கோயில் வாசலிலே பேசாமலா இருக்கிறோம்? திருவிழா நெருங்கினால், இன்ன நாள் உபயம் யாருடையது, மேளத்துக்கு எவ்வளவு, பந்தலுக்கு எவ்வளவு என்று மணிக்கணக்காகப் பேசுகிறோம். அப்பேச்சை யாரும் இழிவாக நினைப்பதில்லை. நல்ல காரியத்துக்குப் பொருள் வேண்டும். அப்பொருளை யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது, பெற்றபின் எவ்வாறு நடந்துகொள்வது என்பனவும் தருமத்தைச் சேர்ந்த கேள்விகளே என்பது என் தாழ்மையான எண்ணம்.

இந்தப் பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. நமது சங்கம் இவ்வூர்க் கிணறுகளின் நீரைப் பரிசோதித்து, அதன் பயனை வீடுவீடாக எடுத்துச் சொல்லவேண்டும் என்று ஒரு திட்டம் வகுத்திருப்பதை நீங்கள் அறிவீர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லின் அடியிலே தேங்கி நிற்கும் மழைநீரே நமக்குக் கங்கையும் காவிரியும். அந்தக் கல்லோ வெடிப்பும் துளையும் நிறைந்தது. தோட்டத்துக்கு இறைக்கும் பசளையும், கிணற்றுக்கு அருகே கட்டிய மலசலகூடக் குழியின் கழிவும் எளிதிலே கீழிறங்கி நீரோடு கலந்துவிடுகின்றன. இதனால் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று என்னும் உப்பு, உலக சுகாதார தாபனம் விதித்த அளவாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். புட்டிப்பால் குடிக்கும் பச்சைக் குழந்தைகளுக்கு இது கேடு. குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைத் தாங்கிச் செல்லும் ஆற்றலை இழக்க, உடம்பு நீலம் பாரிக்கும். இதைவிட வருந்தத்தக்கது என்னவென்றால், நமது தாய்மார் செய்யும் பரிகாரம் இந்நோய்க்குப் பரிகாரமாகாது. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்றுப் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். அறியாமல் அன்போடு செய்யும் காரியமே குழந்தைக்குத் தீங்காகலாம். அதனால் இங்கே ஆராய்ச்சியும் சுகாதாரக் கல்வியும் ஒன்றைவிட்டு ஒன்று நிற்க முடியாது.

இத்திட்டத்துக்குச் சங்கத்தின் சந்தாப் பணம் போதாது. ஆகவே வெளிநாட்டு நிதியம் ஒன்றுக்கு விண்ணப்பிப்போமா என்ற கேள்வி எழுந்தது. அன்றைய கூட்டத்திலே நான் ஒரு மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். “அந்நியனுடைய காசு வேண்டாம், காசோடு அவன் கொள்கையும் வரும்” என்றார் ஒரு பெரியவர். “காசுக்கு ஏது ஐயா சாதியும் சமயமும்? தருகிறவன் தரட்டும், வாங்குவோம்” என்றார் ஒரு நண்பர். இருவரும் நம் ஊரின் நன்மையை எண்ணியே பேசினார்கள். இருவர் கூற்றிலும் பாதி உண்மை உண்டு என்பதை, நம் நாட்டுச் சரித்திரத்தைக் கொண்டே காட்ட விரும்புகிறேன்.

நான் மிஷன் பாடசாலையிலே படித்தவன். அங்கே வாங்கிய நன்மையை மறைத்துப் பேசினால் நன்றி கெட்டவனாவேன். 1847ஆம் ஆண்டிலே சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயிலே இருந்துகொண்டு நோயாளரைப் பார்த்ததோடு, நம்மவருக்கு மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்தார். பின்னர் அக்கல்வியைத் தமிழிலேயே நடத்தத் துணிந்தார். ‘இரண வைத்தியம்’ 1867இலும், ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872இலும் தமிழ் நூல்களாக வெளிவந்தன. 1873இல் தாய்நாடு திரும்பிய பின்னும், 1884இல் இறக்கும்வரை தமிழ் வைத்திய நூல் வேலையை அவர் கைவிடவில்லை. இப்பணிக்கெல்லாம் அடிப்படையான பணம் எங்கிருந்து வந்தது? பொஸ்ரன் நகரிலே தலைமை நிலையம் கொண்ட அமெரிக்க மிஷன் சங்கத்திலிருந்து வந்தது. அமெரிக்கக் கிராமங்களிலே சாதாரண மக்கள் தங்கள் தேவாலயங்களிற் போட்ட சில்லறைக் காசும் அதில் இருந்தது.

அந்தப் பணத்துக்கு ஒரு நோக்கம் இருந்தது. அந்நோக்கத்தை அவர்கள் ஒளிக்கவுமில்லை. வைத்தியத்தோடு மதமும் வந்தது. அதற்கு எதிராக எழுந்தவர் நமது நாவலர் பெருமான். கிறீன் பிறந்த 1822ஆம் ஆண்டிலேயே நாவலரும் பிறந்தார் என்பது வியப்பான ஒற்றுமை. அவரும் மிஷன் பாடசாலையிலே படித்தவரே. 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை அவர் தொடங்கியபோது, அரசாங்க உதவிப்பணம் நெடுங்காலம் கிட்டவில்லை. ஊரவரிடம் கையேந்தியே அதை நடத்தினார்.

வெளிப்பணத்திலே மதத்தைவிட வேறொரு ஆபத்தும் உண்டு. அதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1837இல் அமெரிக்காவிலே பெரும் பண நெருக்கடி ஏற்பட்டது. மிஷன் சங்கம் இங்கே அனுப்பும் தொகையைக் குறைத்தது. யாழ்ப்பாணத்திலே கிராமப் பாடசாலைகள் பல மூடப்பட்டன. நியூயோர்க்கிலே வங்கி முறிந்ததற்கு, பெயரும் அறியாத நம் ஊர்ப் பிள்ளை ஏட்டை மடித்துக்கொண்டு வீடு திரும்பியது. 1823இல் தொடங்கிய புகழ்பெற்ற வட்டுக்கோட்டை செமினரி 1855இல் மூடப்பட்டது. இது காசில்லாமையால் அல்ல. அங்கே படித்தவர்கள் போதகராகாமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று பொஸ்ரனிலிருந்து வந்த தூதுக்குழுவினர் கருதியதால் மூடப்பட்டது. செமினரி நம் மண்ணிலே நின்றது; அதை மூடும் திறப்பு மட்டும் பொஸ்ரனிலே இருந்தது. பின்னர் நம் நாட்டவர் ஊக்கத்தோடு முயன்றதனாலேயே 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அவ்விடத்தில் எழுந்தது.

இனி இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1913இல் நியூயோர்க்கிலே றொக்பெல்லர் நிதியம் நிறுவப்பட்டது. அந்நிதியத்தின் சுகாதாரப் பகுதி 1916இல் மாத்தளைத் தோட்டங்களிலே கொளுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. வெறுங்காலோடு மலம் கலந்த மண்ணை மிதிப்பவரின் தோலைத் துளைத்து உட்புகுந்து, குடலிலே தங்கி, இரத்தத்தை உறிஞ்சும் புழு அது. தேயிலைத் தோட்டங்களிலே உழைத்த நம் தமிழ்த் தொழிலாளர் இரத்தம் வற்றி, மூச்சு வாங்கி, மலை ஏற முடியாமற் தவித்தார்கள். “சோம்பேறிகள்” என்று அவர்களைத் திட்டியவர்கள், சோம்பலுக்குக் காரணம் ஒரு புழு என்பதை அப்போதுதான் அறிந்தார்கள்.

நிதியத்தார் மருந்து கொடுத்தார்கள். புழு விழுந்தது. ஆனால் சில மாதங்களில் மீண்டும் வந்தது. ஏன்? தோட்ட லயங்களிலே மலசலகூடம் இல்லை. அதைக் கட்டவேண்டியவர்கள் தோட்டத்துத் துரைமார். துரைமாரிற் பலருக்கு, அமெரிக்கப் பணத்தில் மருந்து வருவது இனித்தது. தம் பணத்தில் மலசலகூடம் கட்டுவது கசந்தது. அன்பர்களே, இந்த இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தருகிறவன் தன் பங்கைத் தந்தான். பெறுகிறவர் பக்கத்திலே, பொறுப்புடையவர் தம் பங்கை வைக்கவில்லை. நடுவிலே நின்ற தொழிலாளியின் உடம்பிலே புழு திரும்பவும் குடியேறியது.

இந்த அனுபவத்திலிருந்து ஒரு நல்ல பாடம் பிறந்தது. மருந்து மட்டும் போதாது. ஊரோடு நிற்கும் சுகாதாரச் சேவை வேண்டும் என்று கண்டார்கள். 1926இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கப்பட்டது. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பரிசோதகர்கள், தாதியர், மருத்துவிச்சிகள். அவர்கள் நோயாளி வரும்வரை காத்திராமல் வீடு தேடிப் போனார்கள், கர்ப்பிணிகளைப் பார்த்தார்கள், பாடசாலைப் பிள்ளைகளைப் பரிசோதித்தார்கள், மலசலகூடம் கட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். றொக்பெல்லர் நிதியம் இத்தகைய வேலைகளுக்குத் தொடக்கத்திலே கைகொடுத்து, ஆண்டுதோறும் தன் பங்கைக் குறைத்து, அரசாங்கத்தின் பங்கைக் கூட்டும் முறையைக் கையாண்டது. குழந்தை நடை பழகும்போது தாய் கையைப் பிடித்து, பின் விரலைப் பிடித்து, பின் விட்டுவிடுவதுபோல என்று சொல்லலாம். விளைவு என்ன? நிதியத்தார் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் அந்தக் களுத்துறை முறை இன்று இலங்கை முழுவதும் 350க்கு மேற்பட்ட சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளாக வளர்ந்து நிற்கிறது. நம் ஊரிலே பிள்ளைப் பேற்றுக்குமுன் வீட்டு வாசலுக்கு வரும் மருத்துவிச்சி அம்மாவின் வரலாறு களுத்துறையிலே தொடங்குகிறது.

மலேரியாவின் கதையும் இதனையே உறுதிப்படுத்துகிறது. 1934-35இல் வந்த கொள்ளை நோயிலே ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். 1946 முதல் டி.டி.ரி. மருந்து தெளித்ததன் பயனாய் நோய் தேய்ந்து, 1963இலே நாடு முழுவதற்கும் 17 நோயாளரே இருந்தார்கள். நோய் போய்விட்டது என்று எண்ணிக் கை தளர்ந்தோம். 1969இலே நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. நுளம்பு நம்மைப்போல ஆறுதலாக உட்கார்ந்து வெற்றி விழாக் கொண்டாடுவதில்லை! பின்னர், 2002இல் ஜெனீவாவிலே தொடங்கப்பட்ட உலக நிதியத்தின் உதவியும் கிடைத்தது. மருந்தூட்டிய நுளம்பு வலைகளும் பரிசோதனைச் சாதனங்களும் வந்தன. ஆனால் அவற்றைக் கிராமத்துக்குக் கொண்டுசென்றவர்கள், 1911 முதல் இந்நாட்டிலே வேரூன்றிய மலேரியா ஒழிப்பு இயக்கத்தின் ஊழியர்களும் தொண்டர்களுமே. போர்க்காலத்திலும் வடக்கிலே அவ்வேலை அறவே நின்றுவிடவில்லை. 2012 ஒக்ரோபருக்குப் பின், 2016 வரை உள்நாட்டிலே தொற்றிய மலேரியா காணப்படவில்லை. 2016 செப்ரெம்பரிலே உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. வெளிப்பணம் மழை போன்றது. உழுது வைத்த வயலிலே பெய்தால் நெல். கல்லுத் தரையிலே பெய்தால் வெறும் வெள்ளம்.

1837இன் கதை பழங்கதையென்று யாரும் தள்ளிவிட வேண்டாம். அமெரிக்க அரசாங்கத்தின் வெளிநாட்டு உதவித் தாபனம் 1961இல் தொடங்கப்பட்டு, உலகெங்கும் சுகாதார வேலைகளுக்குப் பெருந்தொகை கொடுத்து வந்தது. 2025 சனவரியிலே ஒரு கட்டளை பிறந்தது. உதவிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டு யூலை முதலாந் திகதியோடு அத்தாபனமே இயங்காமற் போயிற்று. பல நாடுகளிலே வைத்திய நிலையங்கள் கதவடைத்தன. நடந்துகொண்டிருந்த ஆராய்ச்சிகள் பாதியிலே நின்றன. அந்நிலையங்களின் ஊழியர் செய்த குற்றம் ஒன்றுமில்லை. திறப்பு வேறொருவர் கையிலே இருந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் அந்தப் பெரியவர் சொன்னதுபோல வெளிப்பணமே வேண்டாமா? அப்படியும் நான் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்கு அந்த நீரையே கொடுத்துக்கொண்டிருப்பது தருமமாகாது. “பாத்திரம் அறிந்து பிச்சையிடு” என்பது நம் பழமொழி. கொடுக்கிறவனுக்குச் சொன்ன அறிவுரையை வாங்குகிறவனும் தனக்கு ஏற்றுக்கொள்ள வேண்டும். யாரிடம், எதற்காக, எந்த அளவுக்கு என்று அறிந்து வாங்கவேண்டும். இதற்கு நான்கு விதிகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, கேள்வி நம்முடையதாக இருக்கவேண்டும். எந்த நிதியம் எதற்குப் பணம் தருகிறது என்று பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற நோயை நம் ஊரிலே தேடுவது தலைகீழான வேலை. நம் கிணறு நம் கேள்வி. அதை எழுதி வைத்துக்கொண்டு, அதற்குரிய கொடையாளியைத் தேடுவோம்.

இரண்டாவது, கொடையாளியின் நோக்கத்தை அறியவேண்டும். 1936இல் ஹென்றி வெல்கம் என்னும் மருந்து வணிகரின் மரணசாசனத்தால் இலண்டனிலே தோன்றிய வெல்கம் நிதியம் மருத்துவ ஆராய்ச்சிக்கு உதவுகிறது. உலக சுகாதார தாபனத்தோடு இணைந்து 1975 முதல் நடக்கும் அயனமண்டல நோய் ஆராய்ச்சித் திட்டம், ஏழைகளைத் தாக்கும் தொற்றுநோய்களையே முதன்மையாகக் கருதுகிறது. யப்பானியத் தூதரகத்தின் அடிமட்ட உதவித் திட்டம் கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும் தருமே தவிர, மாதச் சம்பளத்துக்குத் தராது. நம் நாட்டிலேயே தேசிய விஞ்ஞான மன்றமும் தேசிய ஆராய்ச்சி மன்றமும் உண்டு. தொற்றுநோய்க்கு என்று வைத்த பணத்தை நைத்திரேற்றுக்குக் கேட்டால் கிடைக்காது. கிடைக்கவில்லையே என்று குறை சொல்வதும் நியாயமன்று. வீட்டுக்காரர் பெயர் தெரியாமற் படலையைத் தட்டுகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

மூன்றாவது, பணம் முடிந்த மறுநாள் வேலையை யார் செய்வார் என்பதை விண்ணப்பம் எழுதும் நாளிலேயே தீர்மானிக்கவேண்டும். பரிசோதனைக் கருவி வாங்க மூன்று மாதம் போதும். அதற்கு வேண்டிய இரசாயனத்தை ஆண்டுதோறும் யார் வாங்குவது? துணியால் மூடி வைத்த கருவிகளை நாம் எத்தனையோ இடங்களிலே கண்டிருக்கிறோம். சந்தனம் பூசி, நாடா வெட்டி, படம் எடுத்துக்கொண்டதோடு அவற்றின் வாழ்வு முடிந்துவிட்டது.

நான்காவது, கணக்கும் அறிவும் ஊருக்குத் திரும்பவேண்டும். பெற்ற ஒவ்வொரு ரூபாவுக்கும் பற்றுச்சீட்டு வேண்டும், கணக்காய்வு வேண்டும், அதைக் கொடையாளிக்கு அனுப்புவதோடு நில்லாமல் கோயில் மண்டபத்திலும் வாசிக்கவேண்டும். அவ்வாறே ஆராய்ச்சியின் முடிவு தூரதேசத்துச் சஞ்சிகையிலே ஆங்கிலத்தில் அச்சாகி முடிந்துவிடக் கூடாது. கிணற்றுக்குச் சொந்தக்காரியான அம்மாவுக்கு, அவருடைய நீரைப் பற்றி, அவருடைய மொழியிலே சொல்லவேண்டும். அவருடைய சம்மதம் பெற்றே நீரை எடுக்கவேண்டும். கிறீன் வைத்தியர் 150 ஆண்டுகளுக்கு முன்னே தமிழிலே செய்ய முடிந்ததை, தமிழராகிய நாம் செய்ய முடியாது என்றால் வெட்கமல்லவா?

இவ்விதிகளை நான் புத்தகத்திலே மட்டும் படிக்கவில்லை, பட்டும் அறிந்தேன். பல்கலைக்கழகத்திலே நானும் நண்பர்கள் நால்வரும் சேர்ந்து, பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதாரக் கல்வி புகட்டும் திட்டம் ஒன்றுக்கு வெளிநாட்டு நிதியம் ஒன்றுக்கு விண்ணப்பித்தோம். இருபத்திரண்டு பக்கம். அழகான ஆங்கிலம். மிஷன் பாடசாலையிலே கற்ற இலக்கணம் முழுவதையும் அதிலே கொட்டியிருந்தேன். இரண்டு மாதத்தில் மறுமொழி வந்தது, பணம் இல்லை. ஆனால் அதைப் படித்த அதிகாரி அன்போடு ஒரு கேள்வியை எழுதியிருந்தார்: உங்கள் வரவுசெலவுக் கணக்கிலே உங்கள் பங்கு எங்கே? நாங்கள் ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஒரு சனிக்கிழமை உழைப்பைக்கூட நாங்கள் அதிலே எழுதவில்லை. எல்லாவற்றையும் கேட்டிருந்தோம், ஒன்றையும் கொடுக்கவில்லை. அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று அந்தக் கேள்விக்கு நன்றி சொல்கிறேன். லயத்துக்கு மலசலகூடம் கட்ட மறுத்த துரைமாரை நான் இம்மேடையிலே குறை சொன்னேன். அன்று நாங்கள் செய்ததும் அவர்கள் செய்தது போன்றதுதானே?

ஆகவே நமது கிணற்றுத் திட்டத்துக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். பிடியரிசி எடுத்து மடமும் பள்ளிக்கூடமும் நடத்திய சமூகம் நாம். உலையிலே போடுமுன் ஒரு பிடியைப் புறம்பாக எடுத்து வைக்கும் தாய், ஏழையாய் இருந்தாலும் கொடையாளியே. அந்தப் பிடியரிசியை இன்றைக்கு ஏற்றவாறு மீண்டும் தொடங்குவோம். சங்கத்தின் ஒவ்வொரு அங்கத்தவரும் மாதம் ஒரு சிறு தொகையும் ஒரு சனிக்கிழமைக் காலையும் தரட்டும். அதைக்கொண்டு முதலில் 40 கிணறுகளின் நீரைப் பரிசோதிப்போம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையும், நீர் வழங்கல் சபையையும், பல்கலைக்கழக ஆசிரியர்களையும் அணுகி, முறையைக் கற்று, அவர்கள் அனுமதியோடு செய்வோம். குழந்தை உள்ள வீட்டுக் கிணற்றை முதலிலே எடுப்போம். எந்தக் கிணறு நல்லது, எது தீது என்பதை அறிந்தபின், தீய கிணற்றுக்கு அயலிலே உள்ள நல்ல கிணற்றை எல்லோருக்கும் திறந்துவிடச் சொல்வோம். இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லவேண்டும். எங்கள் கிணற்றிலே இன்னார் அள்ளக்கூடாது என்ற பழைய வழக்கம் எங்காவது எஞ்சியிருக்குமானால், அதை அகற்ற எந்த வெளிநாட்டு நிதியமும் பணம் தர முடியாது. அது நாம் மட்டுமே கொடுக்கக்கூடிய கொடை.

நாற்பது கிணற்றின் கணக்கையும் கையிலே வைத்துக்கொண்டு, எஞ்சிய நானூறு கிணற்றுக்கு வெளியே கேட்போம். அப்போது நாம் இரப்பவராய்ப் போக மாட்டோம், பங்காளிகளாய்ப் போவோம். தந்தால் நன்றியோடு பெறுவோம். தராவிட்டாலும் நாற்பது வீட்டுக் குழந்தைகள் நல்ல நீர் குடிப்பார்கள். இடையிலே நிறுத்தினாலும் தொடங்கிய கை நம்முடையதாகையால் வேலை நில்லாது.

அந்தப் பெரியவருக்கும் அந்த நண்பருக்கும் என் மறுமொழி இதுவே. பிறர் பொருளை வாங்குவதில் இழிவில்லை. நம் பொறுப்பையும் சேர்த்து அவர் தலையிலே சுமத்துவதே இழிவு. விண்ணப்பத்தை எழுதுவோம். அதன் முதற்பக்கத்திலே, நாம் தந்தது இவ்வளவு என்று எழுதுவோம்.

அடுத்த சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சங்க மண்டப வாசலிலே போத்தல்களோடு நிற்பேன். வருகிறவர்கள் வாருங்கள். எல்லாம் வல்ல இறைவன் திருவருள் நம் முயற்சிக்குத் துணைநிற்பதாக.